கொரிய, ஜப்பானிய நாடகங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

‘ஏதாவது நல்ல கொரியன் சீரியல் சொல்லேன்’ என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் ஒரு பெயரை மட்டும் சொல்லிவிடுவேன். அவர்களில் பாதிப் பேர் இரண்டாவது எபிசோடோடு விட்டுவிட்டார்கள். ‘ரொம்ப மெதுவா போகுது’, ‘பேரே மனசுல நிக்கல’, ‘யாரு யாருக்கு என்ன உறவுன்னே புரியல’ என்றார்கள். தொடங்கின புதிதில் எனக்கும் இதே சிரமம் இருந்தது. எதை முதலில் எடுப்பது, திரையில் எதை மாற்றிக்கொள்வது, எதைக் காதில் வாங்குவது என்று நான்கைந்து விஷயம் தெரிந்தால் அந்தத் தொடக்கச் சிரமத்தைத் தாண்டிவிடலாம். அதிலும் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஆங்கில சப்டைட்டிலில் வராத சில விஷயங்கள் தாமாகவே புரியும். அதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

1. நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

நம் ஊர் மெகா சீரியல் போல இவை வருடக்கணக்கில் ஓடாது. கொரிய நாடகம் என்றால் பெரும்பாலும் 16 எபிசோடு. இப்போது 12 எபிசோடிலும் நிறைய வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் இருக்கும், பல 70 நிமிடத்தைத் தாண்டும். ஆக, ஒரு நாடகத்துக்குப் பதினெட்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஜப்பானிய நாடகம் அதில் பாதிதான். அங்கே தொலைக்காட்சிக்காரர்கள் வருடத்தை மூன்று மூன்று மாதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதிய நாடகங்கள் தொடங்கும். வாரம் ஒன்றாக, பத்துப் பதினோரு எபிசோடில் முடிந்துவிடும்.

அதனால் முதல் நாளே 16 எபிசோடு நாடகத்தில் இறங்க வேண்டாம். என் பரிந்துரை ‘மிட்நைட் டைனர்’. ஜப்பானில் 2009-ல் தொடங்கிய தொடர். ஒரு எபிசோடு 25 நிமிடம்தான், ஒவ்வொன்றும் தனிக் கதை. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில், சந்துக்குள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நள்ளிரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடுவார்கள். பலகையில் எழுதியிருப்பது பன்றி இறைச்சி போட்ட மிசோ சூப் சாப்பாடும் மதுவும் மட்டும்தான். ஆனால் என்ன கேட்டாலும், கையில் பொருள் இருந்தால் கடைக்காரர் செய்து தருவார். அவர் முகத்தில் கண் மேலாக ஒரு நீண்ட தழும்பு. அது எப்படி வந்தது என்று தொடர் சொல்வதே இல்லை.

முதல் கதையில் ஒரு யாகுசா ரவுடி கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து, குழந்தைகளின் டிபன் பாக்ஸில் வைக்கிற சிவப்பு சாசேஜ் கேட்பார். அதை ஆக்டோபஸ் போலக் கால் கீறி வறுத்துத் தர வேண்டும். பக்கத்தில் வயதான ஒருவர், ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான பார் நடத்துகிறவர், தினமும் முட்டைச் சுருள் சாப்பிடுவார். ஒருநாள் இவர் தட்டிலிருந்து ஒரு துண்டு அங்கே போகும், அவர் தட்டிலிருந்து ஒன்று இங்கே வரும். அவ்வளவுதான். அந்த 25 நிமிடம் உங்களுக்குப் பிடித்தால் ஜப்பானியக் கதைகள் உங்களுக்கு ஒத்துப்போகும் என்று தைரியமாகச் சொல்வேன். நெட்ஃப்ளிக்ஸில் ‘டோக்கியோ ஸ்டோரீஸ்’ என்ற துணைப்பெயரோடு 2016-ல் வந்ததும் இதே தொடர்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

2021-ல் வந்த ‘ஸ்க்விட் கேம்’தான் பலருக்கு நுழைவாயில். அது நல்ல படைப்பு. ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைத் தேடினால் ஏமாற்றம் வரும். கொரிய நாடகங்களில் பெரும்பாலானவை ரத்தத்தையோ துரத்தலையோ நம்பி நடப்பவை இல்லை; வீடு, தெரு, அலுவலகம், சாப்பாட்டு மேஜை, அங்கே இருக்கிற மனிதர்கள், அவ்வளவுதான்.

2. திரையில் மூன்று மாற்றங்கள்

ஒலியை மூல மொழிக்கு மாற்றுங்கள். ‘தமிழ் டப்பிங் இருக்கே’ என்று கேட்பீர்கள். வேகமாக ஓடும் சப்டைட்டிலைப் படிக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் டப்பிங்கே நல்லது. என் அம்மாவும் அப்படித்தான் பார்க்கிறார். புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் பேசிய கொரிய நாடகங்களைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குப் படிக்க வரும் என்றால், நடிகரின் சொந்தக் குரலை விட்டுக்கொடுக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

இரண்டாவது, சப்டைட்டில் பட்டியலில் ‘இங்கிலீஷ்’ என்றும், அடைப்புக்குறிக்குள் ‘சிசி’ போட்ட ‘இங்கிலீஷ்’ என்றும் இரண்டு இருந்தால் வெறும் ‘இங்கிலீஷை’ எடுங்கள். சிசி என்பது காது கேளாதவர்களுக்கானது. பல தொடர்களில் அது ஆங்கில டப்பிங் வசனத்தை ஒட்டி எழுதப்பட்டிருக்கும். டப்பிங் வசனம் வாயசைவுக்காக வளைக்கப்பட்டது. மூல வசனத்திலிருந்து அது இன்னும் ஒரு அடி தள்ளி நிற்கும். மூன்றாவது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். கண் ஒரு நொடியில் படித்துவிட்டு முகத்துக்குத் திரும்ப வேண்டும். அப்புறம், வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். நான் ஒரு ஜப்பானியப் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கினேன். ஒரு வருடம் கழித்து இயல்பான வேகத்தில் பார்த்தபோது அது வேறு படமாக இருந்தது. பேசாமல் இருக்கும் இடங்களில்தான் கதையே இருந்தது.

எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ‘ஜஸ்ட்வாட்ச்’ தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இந்தியாவில் எங்கே கிடைக்கும் என்று காட்டும். ‘விக்கி’ என்ற தளத்தையும் பாருங்கள். அங்கே ரசிகர்களே தன்னார்வமாகச் சப்டைட்டில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அடங்காத சொல் வந்தால் பக்கத்திலேயே சின்னக் குறிப்பும் போடுவார்கள்.

3. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. கொரியனும் ஜப்பானியமும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும்.

கொரியக் குழந்தை அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடும். அம்மா ‘ஒம்மா’. முதல்முறை கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். இதை வைத்து இரண்டும் ஒரே மொழிக் குடும்பம் என்று கிளம்ப வேண்டாம். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும், வாக்கியம் கட்டும் விதத்தில் தமிழ், கொரியன், ஜப்பானியம் மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. மூன்றிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘நான் உன்னை அன்றைக்கு அங்கே…’ என்று இழுத்து, கடைசிச் சொல்லில்தான் ‘பார்த்தேன்’ என்பதா ‘பார்க்கவில்லை’ என்பதா தெரியும். ஆங்கில சப்டைட்டில் அதை முதலிலேயே உடைத்துவிடும். அதனால் முக்கியமான காட்சியில் சப்டைட்டிலைப் படித்த பிறகும் அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருங்கள். நடிகர் அங்கேதான் குரலை இறக்குவார், அல்லது முழுங்குவார்.

அடுத்தது மரியாதை. கொரியனில் வாக்கியத்தின் வாலில் ‘யோ’ என்று வந்தால் மரியாதைப் பேச்சு. ‘நிதா’ என்று முடிந்தால் இன்னும் முறையான பேச்சு. இரண்டும் இல்லாமல் மொட்டையாக முடிந்தால், நெருக்கம் அல்லது அலட்சியம். ஆங்கிலத்தில் எல்லாமே ‘யூ’தான். நமக்கோ ‘நீங்கள்’ என்பதற்கும் ‘நீ’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காதல் கதைகளில் ஒரு கட்டத்தில் ஒருவர், பேச்சை இறக்கி வைத்துவிடலாமா என்று கேட்பார். கொரியனில் சொல்லுக்குச் சொல் அப்படித்தான் இருக்கும். ‘இனிமே நீன்னே கூப்பிடலாமே’ என்பதன் அதே தயக்கம், அதே சந்தோஷம். சண்டையில் ‘யோ’ காணாமல் போகும் கணத்தையும் கவனியுங்கள். குரல் உயராமலேயே அறைந்த மாதிரி இருக்கும்.

பார்த்தவுடன் ‘உங்க வயசு என்ன’ என்று கேட்டுக்கொள்வதும் இதனால்தான். வயது தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது? பெண் தன் அண்ணனையும், கொஞ்சம் மூத்த காதலனையும் ‘ஒப்பா’ என்பாள். அக்காவை அவள் ‘ஒன்னி’ என்பாள். ஆண் தன் அண்ணனை ‘ஹ்யோங்’, அக்காவை ‘நூனா’ என்பான். உறவில்லாத நடுவயது ஆண் ‘அஜொஷி’, பெண் ‘அஜும்மா’. பள்ளியிலோ வேலையிலோ மூத்தவர் ‘ஸொன்பே’. வாய் ‘ஒப்பா’ என்று சொல்லும்போது சப்டைட்டிலில் அந்த ஆளின் பெயர் ஓடும். நீங்கள் காதை நம்புங்கள். பழைய நாடகங்களில் வயது ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். பிறந்தவுடனேயே ஒரு வயது என்று கணக்கு வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 2023 ஜூனில்தான் சட்டப்படி உலகக் கணக்குக்கு மாறினார்கள். பெயரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். கொரியர்களில் ஐந்தில் ஒருவர் கிம் என்பதால் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடின்போது ஒரு தாளில் நான்கு பேர் பெயரையும் உறவையும் எழுதி வைத்துக்கொண்டால் ரொம்ப உதவும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் ஜப்பானியத்தில் இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் ‘இத்தெகிமாஸ்’ என்பார்கள். சப்டைட்டிலில் ‘நான் கிளம்புறேன்’ என்றோ ‘பை’ என்றோ வரும். நேர்ப்பொருள் என்ன தெரியுமா? போய் வருகிறேன். உள்ளே இருப்பவர் ‘இத்தெரஷ்ஷாய்’ என்பார்: போய்விட்டு வா. கொரியனிலும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை சொல்வது ‘போய்விட்டு வருகிறேன்’தான். ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று பாட்டி அதட்டுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு இந்தச் சொல் நேராக உள்ளே இறங்கும். அப்புறம் ஒரு படத்தில் யாராவது இதைச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால், ஏதோ சரியில்லை என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

4. தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கொரியர்கள் பார்த்தவுடன் கேட்பது ‘சாப்பிட்டியா?’. அவர்கள் சொல்லும் ‘பப்’ என்ற சொல்லுக்குச் சோறு என்று பொருள். மொத்தச் சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். யார் யாருக்கு எதை எடுத்து வைக்கிறார்கள் என்பதை வைத்தே இவர்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

‘ரிப்ளை 1988’ (2015-ல் தொடங்கியது, 20 எபிசோடு) இதற்கு நல்ல பாடம். சியோலில் ஒரு சந்து, ஐந்து குடும்பம். முதல் எபிசோடில் இரவுச் சாப்பாட்டு நேரம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் அடுத்த வீட்டுக்குப் போகும்; அங்கிருந்து வேறொன்று திரும்பி வரும். பிள்ளைகள் கிண்ணத்தோடு சந்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருப்பார்கள். கடைசியில் எல்லா வீட்டு மேஜையும் நிறைந்திருக்கும். இப்படியே போனால் எல்லாரும் ஒன்றாகவே உட்கார்ந்து சாப்பிடலாமே என்று ஒரு பையன் அலுத்துக்கொள்வான்.

அதே தொடரில் தொக்-சன் என்ற நடுப்பிள்ளை. அக்காவுக்கும் அவளுக்கும் பிறந்தநாள் சில நாள் இடைவெளியில் வருவதால், ஒவ்வொரு வருடமும் அக்காவின் கேக்கிலேயே மெழுகுவர்த்தியைக் கழற்றி இவளுக்கும் பாடி முடித்துவிடுவார்கள். ஒருநாள் வெடித்து அழுவாள். முட்டை இரண்டு இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும். கோழி வாங்கி வந்தால் கால் இரண்டும் அவர்களுக்கு, இவளுக்கு இறக்கை. எனக்கும் முட்டை பிடிக்கும் என்று அவள் சொல்லும்போது, மூன்று பிள்ளைகள் இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் அப்படியே கண்முன் வந்தது. அன்று இரவு அப்பா ஒரு கேக் வாங்கிக்கொண்டு சந்து முனையில் காத்திருப்பார். தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லையே, இதுதானே முதல்முறை என்று மகளிடம் மன்னிப்புக் கேட்பார். இந்தத் தொடரின் எபிசோடுகள் சில ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். சேர்த்துப் பார்த்தால் திகட்டும்.

‘பாரசைட்’ (2019) படத்தில் சாப்பாட்டைச் சமூகப் பாடமாகவே வைத்திருப்பார் கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ. பணக்கார அம்மா அவசரமாகக் கேட்கும் நூடுல்ஸ், இரண்டு மலிவு பாக்கெட்டுகளைக் கலந்து செய்வது. கொரியாவில் யாரும் வாங்கக்கூடியது. அதன் மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சியை வெட்டிப் போடச் சொல்வாள். சப்டைட்டிலில் ‘ராம்டன்’ என்று வரும். மொழிபெயர்த்தவர் ராமென், உடோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களையும் ஒட்டி உண்டாக்கிய சொல் அது. அந்தத் தட்டில் இரண்டு வர்க்கமும் ஒன்றாகக் கிடப்பதை அறிந்து பார்த்தால் காட்சியின் கனமே வேறு.

5. அடுத்து ஏற வேண்டிய படிகள்

‘ரிப்ளை 1988’ முடித்தவர்களுக்கு நான் கொடுப்பது ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’. 2025 மார்ச்சில் வாரம் நான்காக 16 எபிசோடும் வந்தன. ஜெஜு தீவில் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ பெண்களின் ஊர். கொரியப் பெயர் ஜெஜு வட்டார வழக்கில் இருக்கிறது: ரொம்பப் பாடுபட்டீர்கள் என்று நன்றியோடு சொல்வது. சியோல்காரர் காதுக்கு அது ‘நன்றாக ஏமாந்தீர்கள்’ என்பதுபோலக் கேட்கும். ஆங்கிலப் பெயரில் இது எதுவும் இல்லை. முதல் எபிசோடில் சின்னப் பெண் ஏ-சுன் பள்ளிக்காக ஒரு கவிதை எழுதுவாள். அம்மாவை எந்நேரமும் கடலுக்குள் இழுத்துக்கொள்ளும் அபலோன் சிப்பி மேல் அவளுக்குக் கோபம். தன்னிடம் காசு இருந்தால் அந்தக் கூலியைத் தானே கொடுத்து, இடுப்பு வலியும் இருமலுமாக இருக்கும் அம்மாவை ஒருநாள் ஓய்வெடுக்க வைப்பேன் என்று எழுதியிருப்பாள். அம்மா அதைப் படிக்கும் இடத்தில் நான் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடர்ந்தேன்.

மனம் கொஞ்சம் கனமானதைத் தாங்கும் என்றால் ‘மை மிஸ்டர்’ (2018). கடனில் மூழ்கிய இளம்பெண் ஜி-ஆன், அலுவலகத்துக் காபித்தூள் பாக்கெட்டுகளைத் திருடி அதையே இரவு உணவாகக் குடிப்பாள். ஒரு பொறியாளரை வேலையிலிருந்து விரட்டுவதற்காக அவருடைய கைபேசியை ஒட்டுக் கேட்கத் தொடங்குவாள். கேட்கக் கேட்க, அவர் மூச்சு, நடை, தனியாக விடும் பெருமூச்சு எல்லாம் பழகிவிடும். கொரியப் பெயரில் இருப்பது ‘அஜொஷி’. ‘மிஸ்டர்’ அதற்கு ஈடே இல்லை. பொறியாளராக நடித்த லீ சன் க்யுன்தான் ‘பாரசைட்’ படத்தின் பணக்கார அப்பா. 2023 டிசம்பரில் மறைந்தார். இப்போது இந்தத் தொடரைப் பார்ப்பது இன்னும் கடினமாக இருக்கிறது.

ஜப்பானியப் படங்களில் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023) முதலில். இயக்கியவர் ஜெர்மானியரான விம் வெண்டர்ஸ். ஆனால் படம் முழுக்க டோக்கியோதான். பொதுக் கழிப்பறை சுத்தம் செய்யும் ஹிராயாமா தினமும் தெரு கூட்டும் சத்தத்தில் எழுந்து, படுக்கையை மடித்து, செடிக்குத் தண்ணீர் தெளித்து, இயந்திரத்தில் ஒரு டப்பா காபி எடுத்துக்கொண்டு வண்டியை எடுப்பார். கழிப்பறையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைப்பார். இந்த வேடத்துக்காக கோஜி யாகுஷோ பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். படத்தில் அவர் பேசுவது கொஞ்சம்தான், அதனால் சப்டைட்டில் பழகாதவர்களுக்கும் ஏற்றது.

அதன் பிறகு பழையதற்குப் போங்கள். இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). ஒனொமிச்சியிலிருந்து வயதான பெற்றோர் டோக்கியோவில் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகனுக்கும் மகளுக்கும் நேரம் இல்லை. செலவு செய்து வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் இறந்துபோன மகனின் மனைவி மட்டும் ஒருநாள் விடுப்பு எடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். கேமரா தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலேயே இருக்கும். நீங்களும் பாயில் உட்கார்ந்து பாருங்கள், உண்மையாகவே வித்தியாசம் தெரியும்.

6. வீட்டில் யாரோடு பார்ப்பது

பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் எந்த வயதுக்கு ஏற்றது என்று காட்டும் எண்ணை முதலில் பாருங்கள். பல கொரியத் திரில்லர்கள் வன்முறையில் எதையும் மறைப்பதில்லை. ‘மிட்நைட் டைனர்’கூடச் சில கதைகளில் பெரியவர்கள் விஷயம்தான். ‘ரிப்ளை 1988’ குடும்பத்தோடு பார்க்கலாம்.

7. கொஞ்சம் பழகின பிறகு ஒரு படம்

ஜப்பானிய இயக்குநர் கொரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ (2018, கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனை வாங்கியது) படத்தைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குள் உங்கள் காது பழகியிருக்கும். ரத்த உறவில்லாத சிலர் ஒரு நெரிசலான வீட்டில் குடும்பமாக வாழ்கிறார்கள். குளிரில் பால்கனியில் விடப்பட்ட ஒரு சிறுமியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒசாமு என்பவருக்கு, தான் வளர்க்கும் பையன் ஷோதா தன்னை அப்பா என்று ஒருமுறை கூப்பிட வேண்டும் என்று ஆசை. பையனுக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. படம் முழுக்க யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

கடைசிப் பகுதியில், அந்த வீட்டில் அம்மா இடத்தில் இருக்கும் நொபுயோவை (சகுரா ஆந்தோ நடித்த பாத்திரம்) விசாரணை அறையில் உட்கார வைத்திருப்பார்கள். எதிரே இருக்கும் அதிகாரி, அந்தப் பிள்ளைகள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்பார். அந்த ஒரு வரியைப் படித்தவுடன் சப்டைட்டிலை விட்டுவிட்டுக் கண்ணை மேலே கொண்டுபோங்கள். அவர் பதில் தேடிக்கொண்டே உள்ளங்கையால் கண்ணைத் துடைத்து, அப்படியே முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, மறுபடியும் துடைப்பார். அந்தக் கையைப் பாருங்கள்.